கழுத்தைக் கொடுக்கும் முன்

அன்பு நித்யா,

உன் தலைவலிக்கு கைரோபிராக்டர் (முதுகெலும்பு, கழுத்து மூட்டுகளைக் கையால் தள்ளி வைத்தியம் செய்பவர்) க்ளினிக்கில் சேரலாமா என்று கேட்டு நீ அனுப்பிய எக்ஸ்ரேயையும், அங்கே எழுதிக் கொடுத்த 24 தடவை வரும் திட்டத்தையும் பார்த்தேன். நீ கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். முன்பணம் கட்டாதே. கழுத்தை வெடுக்கென்று திருப்பிச் சொடக்கு எடுப்பதற்கு விடாதே. கைரோபிராக்டர் பக்கமே தலைவைத்துப் படுக்காதே என்று சொல்ல வரவில்லை. உனக்கு இருப்பது எந்தத் தலைவலி, அதற்கு அவர் என்ன செய்யப் போகிறார், இந்த இரண்டும் தெரியாமல் கழுத்தைக் கொடுக்கக் கூடாது.

"கழுத்து வளைவு நேராகிவிட்டது, அதனால்தான் தலைவலி" என்று எழுதியிருக்கிறார்களே, அதைப் பார்த்துப் பயப்படாதே. தலைவலி என்றால் என்னவென்றே தெரியாத எத்தனையோ பேருக்கு இதே மாதிரிப் படம் வரும். எடுக்கும்போது மோவாயைக் கொஞ்சம் உள்ளே இழுத்து நின்றாலே வளைவு நிமிர்ந்து தெரியும். மைக்ரேன் என்கிற ஒற்றைத் தலைவலி எந்த எக்ஸ்ரேயிலும் தெரியாது.

நீ எழுதியதை வைத்துப் பார்த்தால், இடது நெற்றிப்பொட்டில் விண்விண்ணென்று துடிக்கிறது, மாடிப்படி ஏறினால் கூடுகிறது, குமட்டுகிறது, திரையை இழுத்துவிட்டு இருட்டில் படுத்தால்தான் ஆகிறது, ஒரு நாளுக்கு மேல் நீடிக்கிறது. டாக்டர்கள் மைக்ரேனுக்கு வைத்திருக்கும் அளவுகோல் ஏறக்குறைய இதேதான். மருந்தில்லாமல் விட்டால் 4 மணி முதல் 72 மணி நேரம் வரை இருக்க வேண்டும். ஒருபக்க வலி, துடிப்பு, வேலையைக் கெடுக்கும் கடுமை, நடந்தால் கூடுவது என்ற நான்கில் குறைந்தது இரண்டு வேண்டும். கூடவே குமட்டலோ, வெளிச்சமும் சத்தமும் சேர்ந்து ஆகாமலிருப்பதோ வேண்டும். இப்படி 5 தடவையாவது வந்திருக்க வேண்டும். டென்ஷன் தலைவலி வேறு மாதிரி. இரண்டு பக்கமும் துணியால் இறுக்கிக் கட்டியது போல அழுத்தும், நடந்தால் அதிகமாகாது, வாந்தி வராது.

"ஆனால் கழுத்தில்தானே ஆரம்பிக்கிறது" என்கிறாய். அந்த க்ளினிக் பிடித்துக்கொண்டதும் இதைத்தான். நெற்றி, கண், பொட்டு இவற்றின் வலியைக் கொண்டுவரும் முக்கிளை நரம்பும், கழுத்தின் முதல் மூன்று நரம்புகளும் மூளைத்தண்டின் அடியில் ஒரே இடத்தில் போய்ச் சேர்கின்றன. அதனால் கழுத்து மூட்டில் கோளாறு என்றால் கண்ணுக்குப் பின்னால் வலிக்கலாம், தலைக்குள் மைக்ரேன் கிளம்பினால் பிடரி இறுகலாம். எது முதலில் தெரிகிறது என்பதை வைத்து எது காரணம் என்று முடிவு கட்ட முடியாது. மைக்ரேன்காரர்களிடம் குமட்டலை விடக் கழுத்து வலிதான் அதிகம் என்று கண்ட ஆய்வுகூட உண்டு. பிடரி இறுகும் அதே நேரத்தில் கொட்டாவி கொட்டாவியாக வருகிறதா, இனிப்பு தேடுகிறதா, எரிச்சல் வருகிறதா என்று கவனி. வந்தால் அந்தக் கழுத்து இறுக்கம் மைக்ரேனின் முதல் கட்டம், வெளியே தெரியும் வலிக்குச் சில மணி நேரம் முன்பே அது தொடங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

நிஜமாகவே கழுத்திலிருந்து வரும் தலைவலியும் உண்டு. அது பக்கம் மாறாது, பிடரியில் கிளம்பி முன்னால் வரும். கழுத்தை ஒரு பக்கம் திருப்பினாலோ, ஒரே நிலையில் வெகுநேரம் வைத்திருந்தாலோ வரும், கழுத்து திரும்பும் அளவும் குறைந்திருக்கும். இதைக் கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்று இருக்கிறது. உன்னை மல்லாக்கப் படுக்கவைத்து, மோவாய் நெஞ்சை ஒட்டும் அளவுக்குத் தலையை முன்னால் மடக்கிப் பிடித்துக்கொண்டு, அப்படியே இடமும் வலமும் மெதுவாகத் திருப்புவார்கள். கழுத்தின் கீழ்ப்பகுதி மடங்கிப் பூட்டிக்கொள்வதால், திரும்புவது பெரும்பாலும் முதல் இரண்டு எலும்புகளுக்கு நடுவில்தான். சாதாரணமாகப் பக்கத்துக்கு 44 பாகை அளவு திரும்பும். ஒரு பக்கம் மட்டும் 32, 33-க்குக் கீழேயே முட்டி நின்றால் அந்த மூட்டின் மேல் சந்தேகப்படலாம். தலைவலி இல்லாத நாளில் செய்ய வேண்டிய சோதனை இது. இரண்டு நிமிஷம்கூட ஆகாது. இதைச் செய்யாமலே 24 தடவை எழுதிக் கொடுத்ததுதான் எனக்கு நெருடுகிறது.

எது யாருக்குக் கேட்கும் என்பதற்கும் ஆதாரம் இருக்கிறது. நார்வேயில் 104 மைக்ரேன்காரர்களை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு 12 தடவை உண்மையான கைரோபிராக்டிக் தள்ளல், அதாவது முதுகெலும்பு மூட்டுகளைக் கையால் வெடுக்கென்று தள்ளுவது. இன்னொன்றுக்கு அதே 12 தடவை, ஆனால் தோள்பட்டை, இடுப்புப் பக்கம் ஒப்புக்குச் செய்த தள்ளல். மூன்றாவது குழு வழக்கமான மருந்தோடு. 2017-இல் முடிவு வந்தது. சிகிச்சை முடியும்போது மூன்றிலுமே மைக்ரேன் நாட்கள் குறைந்திருந்தன. உண்மைத் தள்ளலுக்கும் ஒப்புத் தள்ளலுக்கும் வித்தியாசமில்லை. உன் தோழிக்கு "இரண்டே தடவையில் சரியானது" எப்படி என்று கேட்டாயே, ஒரு பங்கு பதில் இதில் இருக்கிறது. மைக்ரேன் தானாகவே ஏறி இறங்கும். ஏறியிருக்கும்போதுதான் நாம் சிகிச்சைக்கு ஓடுவோம்.

கழுத்திலிருந்து வரும் தலைவலிக்கு நிலவரம் வேறு. அமெரிக்காவில் 256 பேரை வைத்துச் செய்து 2018-இல் வெளியான ஆய்வில், 6 வாரத்தில் 18 தடவை கைச்சிகிச்சை எடுத்தவர்களுக்குத் தலைவலி நாட்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. லேசான மசாஜ் மட்டும் பெற்றவர்களை விட மாதத்துக்கு 3 நாள் அளவு கூடுதல் பலன். ஆஸ்திரேலியாவில் 200 பேரை வைத்துச் செய்து 2002-இல் வெளியான ஆய்வில் கைச்சிகிச்சையும் உதவியது, கழுத்துப் பயிற்சியும் உதவியது, பலன் ஒரு வருஷம் கழித்தும் நின்றது. வீட்டில் காசில்லாமல் செய்யும் பயிற்சிக்கு இவ்வளவு பலன் என்பதை நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன்.

'டக்'கென்று சத்தம் கேட்டால் எலும்பு இடத்தில் உட்கார்ந்துவிட்டது என்பார்கள். இடம் விட்டு நகர்ந்த எலும்பு எதுவும் அங்கே இல்லை. மூட்டுத் திரவத்துக்குள் வாயுக் குமிழி உண்டாவதும் மாறுவதும்தான் அந்தச் சத்தம். இந்த வைத்தியம் 1895-இல் அமெரிக்காவின் டேவன்போர்ட்டில் டி. டி. பாமர் தொடங்கியது. அவர் முதல் நோயாளியாகச் சொன்னவர் தலைவலிக்கோ முதுகுவலிக்கோ வரவில்லை, காது கேட்கவில்லை என்று வந்தவர். முதுகெலும்பு நகர்ந்தால் எல்லா நோயும் வரும் என்ற அந்தப் பழைய கொள்கையை இன்றும் பிடித்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு. அதை விட்டுவிட்டு மூட்டு, தசை, பயிற்சி என்று ஒழுங்காக வேலை பார்ப்பவர்களும் உண்டு. எதிரில் இருப்பவர் எந்த ரகம் என்பது பத்து நிமிஷப் பேச்சில் தெரிந்துவிடும்.

இப்போது ஆபத்து. கழுத்தெலும்புகளின் பக்கத் துளைகள் வழியாக இரண்டு ரத்தக் குழாய்கள் மூளையின் பின்பகுதிக்கு ஏறுகின்றன. முதல் இரண்டு எலும்புகளிடம் அவை வளைந்து வளைந்து போகும். கழுத்தை வேகமாக முறுக்கும்போது அங்கேதான் இழுபடும். குழாயின் உள்சுவர் கிழிந்தால் ரத்தம் கட்டி, பக்கவாதம் வரலாம். நம் ஊர் சலூனில் தலை மசாஜ் முடித்துக் கழுத்தை இரண்டு பக்கமும் முறிப்பார்களே, அதிலும் இதே ஆபத்துதான். இது மிக அரிது. நீ இருக்கும் கனடாவின் ஒண்டாரியோவிலேயே செய்து 2008-இல் வெளிவந்த பெரிய ஆய்வில், இந்தப் பக்கவாதத்துக்கு முன்னால் கைரோபிராக்டரிடம் போனவர்கள் அதிகமிருந்தது போலவே குடும்ப டாக்டரிடம் போனவர்களும் அதிகமிருந்தார்கள். ஏற்கனவே கிழியத் தொடங்கிய குழாயின் கழுத்து வலிக்காகத்தான் இரண்டு இடத்துக்கும் போயிருப்பார்கள் என்று விளக்கினார்கள். அப்படியே வைத்துக்கொண்டாலும், அந்த நிலையில் இருக்கும் கழுத்தை முறுக்குவது நல்லதா? மைக்ரேன் உள்ளவர்களுக்கு இந்தக் கிழிசல் மற்றவர்களை விடச் சற்று அதிகம் காணப்படுகிறது என்பதையும் சேர்த்துக்கொள். பலன் நிரூபணமாகாத இடத்தில் சிறிய ஆபத்தைக்கூட நான் ஏற்க மாட்டேன்.

இதுவரை வராத மாதிரி புதிதாகக் கழுத்தோ பின்மண்டையோ வலித்தால் யாரையும் தொட விடாதே. தலைசுற்றி நடை தள்ளாடுவது, இரட்டையாகத் தெரிவது, பேச்சு குழறுவது, விழுங்க முடியாமல் போவது, முகமோ கையோ மரத்துப்போவது, ஒரு கண் இமை தொங்குவது, ஒரு நிமிஷத்துக்குள் உச்சத்துக்குப் போகும் இடி மாதிரி வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பது, இதில் எதுவானாலும் 911. படுத்துத் தூங்கினால் போய்விடும் என்று காத்திருக்காதே.

அங்கே போய்ப் பார்க்கத்தான் நினைக்கிறாய் என்றால், முதலில் அவர் ஒண்டாரியோ கைரோபிராக்டர் கல்லூரியின் (பெயர்தான் கல்லூரி, இவர்களைப் பதிவுசெய்து கண்காணிக்கும் அமைப்பு அது) பதிவேட்டில் இருக்கிறாரா, ஒழுங்கு நடவடிக்கை ஏதும் இருக்கிறதா என்று பார். 'டாக்டர்' என்று போட்டுக்கொள்ள அங்கே சட்டம் இடம் கொடுக்கிறது, அதனால் எம்.டி. படித்த மருத்துவர் என்று நினைத்துவிடாதே. உள்ளே போனதும், "கழுத்தில் வேகமாகத் தள்ளும் சிகிச்சை வேண்டாம், மெதுவாக மூட்டை அசைப்பதும், தசைக்குச் செய்வதும், பயிற்சியும் போதும்" என்று வாய்விட்டுச் சொல், படிவத்திலும் எழுது. கையெழுத்துப் போட்டுவிட்டாலும் மேஜையில் படுத்த பிறகுகூட வேண்டாம் என்று சொல்லும் உரிமை உனக்கு இருக்கிறது. மருந்தை நிறுத்தச் சொன்னாலோ, மறுபடி எக்ஸ்ரே கேட்டாலோ எழுந்து வந்துவிடு. அரசு காப்பீடு 2004 டிசம்பரிலிருந்து இதற்குக் கொடுப்பதில்லை. ஆபீஸ் காப்பீட்டில் பணம் மிச்சமிருக்கிறது, வருஷக் கடைசிக்குள் தீர்க்க வேண்டும் என்பதெல்லாம் ஒரு காரணமா? அதே பணத்தைத் தலைவலி தெரிந்த பிசியோவிடம் செலவழி. 6 தடவைக்குள் மாற்றமில்லை என்றால் நிறுத்திவிடு.

பயிற்சியை இன்றே ஆரம்பிக்கலாம். தரையில் மேட் விரித்து, முழங்காலை மடக்கி மல்லாக்கப் படு. முகம் கூரைக்கு நேராக இருக்கும்படி தலைக்கடியில் மடித்த துண்டு வை. இப்போது "ஆமாம்" என்று மெல்லத் தலையாட்டுவது போல மோவாயை மட்டும் கீழே கொண்டுவா. பின்மண்டை துண்டின் மேல் உருள வேண்டும், எழும்பவும் கூடாது, தரையை அழுத்தவும் கூடாது. இரண்டு விரலைக் கழுத்தின் முன்பக்கம் வை. காதுக்குப் பின்னாலிருந்து காறை எலும்பு வரை ஓடும் கயிறு மாதிரித் தசை விறைத்தால் அதிகமாகச் செய்கிறாய், பாதி அளவுக்குக் குறை. 10 விநாடி பிடித்து விடு, மூச்சை அடக்காதே. 10 முறை, காலையும் மாலையும், 6 வாரம். பெரும்பாலானவர்கள் தலையைத் தூக்கிச் செய்து மேல்தசையை இன்னும் இறுக்கிக்கொண்டு, பயிற்சி ஒத்துக்கொள்ளவில்லை என்பார்கள். கூடவே உட்கார்ந்த இடத்தில் தோள்பட்டை எலும்புகளைப் பின்னும் கீழுமாக மெதுவாக இழுத்து 10 விநாடி பிடி. மைக்ரேன் வந்திருக்கும் அன்று இரண்டும் வேண்டாம்.

மாத்திரைக் கணக்கைத் தனியாக எழுதிவை. ஐபுப்ரோஃபென், பாராசிட்டமால் மாதிரிச் சாதாரண மாத்திரை மாதத்தில் 15 நாளோ, மைக்ரேனுக்கென்றே இருக்கும் சுமட்ரிப்டான் வகையோ, பல மருந்து சேர்ந்த கலப்பு மாத்திரையோ 10 நாளோ எட்டி, மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால், அந்த மாத்திரையே அடிக்கடி தலைவலியைக் கொண்டுவரலாம். அப்படியானால் முதலில் அதைக் குறைக்க வேண்டும். சாப்பிடுகிற அன்று தொடக்கத்திலேயே சாப்பிடு, வலி உச்சத்துக்கு ஏறிய பிறகு வயிறு மருந்தைச் சரியாக இழுக்காமல் போகலாம். மாதம் 4 நாளுக்கு மேல் வந்தால் தடுப்பு மருந்து பற்றிக் குடும்ப டாக்டரிடம் கேள். டோபிரமேட் என்ற தடுப்பு மருந்தை எழுதினால், குழந்தைக்குத் திட்டமிருக்கிறது என்பதை மறக்காமல் சொல், கருவுக்கு அது ஆகாது.

இன்னொன்று. வலிக்கு முன்னால் கண்ணில் கோணல்மாணலாக வெளிச்சக் கோடு ஓடி, 5 நிமிஷத்திலிருந்து ஒரு மணி நேரம் வரை நிற்கிறதா? அப்படி ஒரு தடவை வந்திருந்தாலும், ஈஸ்ட்ரோஜன் சேர்ந்த கருத்தடை மாத்திரை எடுக்கிறாயா என்பதையும் சேர்த்து டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும். இரண்டும் சேர்ந்தால் பக்கவாத ஆபத்து கூடும். இதை என்னிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் அம்மாவிடம் பேசு.

தேதி, எத்தனை மணிக்கு ஆரம்பம், எந்தப் பக்கம், கொட்டாவி உண்டா, மாதவிலக்கு எந்த நாள், என்ன மாத்திரை எத்தனை மணிக்கு, எப்போது விட்டது, இவ்வளவு எழுதினால் போதும். 8 வாரம் எழுதி, படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பு. அதுவரை அந்த க்ளினிக் போன் செய்தால், யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிடு.

அன்புடன்,
அப்பா