எண்டோஸ்கோபிக்குத் தேதி வாங்கினாயா?

ராசாவுக்கு,

நலமா? அப்பா நன்றாக இருக்கிறார். அக்கா மகள் நடக்கத் தொடங்கிவிட்டாள். அதை விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், மனம் அதில் நிற்கவில்லை.

மூச்சுப் பரிசோதனையில் கிருமி இல்லை என்று வந்ததும் "முடிந்தது அம்மா" என்று ஒரு வரி அனுப்பினாய். அதற்குப் பிறகு பேச்சே இல்லை. வேலை அதிகமாக இருக்கும், சரி. ஆனால் போனது வயிற்றில் இருந்த ஹெலிகோபாக்டர் கிருமி மட்டும்தான் ராசா. அது உண்டாக்கிய அழற்சியில் வளர்ந்த லிம்போமா, அதாவது நிணநீர்ப் புற்றுநோய்ச் செல்கள் உடனே மறைந்துவிடாது. தூண்டிவிடக் கிருமி இல்லாததால் மெல்ல மெல்ல அடங்கும். சிலருக்குச் சில மாதம், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் ஆகும்.

வயிற்றோடு நிற்கும், உனக்கு வந்த இந்த மால்ட் வகை லிம்போமாவில் ஏறக்குறைய நாலில் மூன்று பேருக்குக் கிருமி மருந்தே போதும் என்று டாக்டர் சொன்னபோது என் கையை அழுத்திப் பிடித்தாய். அந்த நாலாவது ஆள் நீயா இல்லையா என்பது எண்டோஸ்கோபி செய்து, பயாப்சிக்குச் சதைத் துணுக்கு எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். உடம்பு நன்றாக இருக்கிறது என்று நினைக்காதே. முதலிலேயே உனக்கு வெறும் நெஞ்செரிச்சலும் அஜீரணமும்தானே? காய்ச்சல், இராத்திரி வியர்வை, எடை குறைவது, ஒன்றுமே இல்லையே.

அந்த இரண்டு வாரம் நாக்கெல்லாம் இரும்புக் கசப்பு என்று முகம் சுளித்துக்கொண்டே ஒரு வேளை தவறாமல் மாத்திரை போட்டாய். காலி அட்டைகளைக்கூட எண்ணி அடுக்கி வைத்தாய். லிம்போமா செல்களில் பதினோராவது, பதினெட்டாவது குரோமோசோம் துண்டுகள் இடம் மாறியிருந்தால் ஆன்டிபயாடிக் அவ்வளவாகக் கேட்காதாமே, அதைப் பார்த்துவிட்டீர்களா என்று நீ கேட்டதும் டாக்டரே நிமிர்ந்து பார்த்தார். எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? அப்படிப்பட்ட பிள்ளை இப்போது போனை எடுக்காவிட்டால் நான் என்ன நினைப்பது?

பயமாக இருக்கிறதா? செல்கள் இன்னும் இருக்கின்றன என்று வந்தாலும் இது மெதுவாக நகரும் நோய். குறைந்துகொண்டு வந்தால் இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பார்ப்பார்கள். குறையாவிட்டால் வயிற்றுக்கு மிதமான கதிர்வீச்சு, சில வாரங்கள். அதற்கு நன்றாகவே கேட்கும். அது ஒத்துவராதவர்களுக்கு ரிட்டுக்சிமாப் என்ற மருந்து இருக்கிறது. இதற்காக வயிற்றை வெட்டி எடுத்த காலம் போய்விட்டது. பார்க்காமலே விட்டுவிடுவாயோ என்பதுதான் என் பயம். சிலருக்கு இது வேகமாக வளரும் வகையாக மாறலாம் என்று டாக்டர் சொன்னதை நீயும்தான் கேட்டாய்.

எண்டோஸ்கோபியைத் தள்ளிப் போடாதே. ஒன்றுமில்லை என்று வந்தாலும் அடுத்தடுத்து வரச் சொல்வார்கள், அப்போதும் தள்ளிப் போடாதே.

பேசப் பிடிக்கவில்லை என்றால் பேச வேண்டாம், தேதியை மட்டும் அனுப்பு. மயக்க ஊசி போட்டால் தனியாக வீட்டுக்கு விட மாட்டார்கள், கூட ஒரு ஆள் வேண்டும். நான் முந்தின நாளே வந்துவிடுகிறேன்.

அம்மா