கேட்காமல் அகற்றப்பட்ட பழைய பதிப்பு குறித்துப் புகார்

அனுப்புநர்:
உங்கள் பக்க வடிவமைப்பு மென்பொருளின் நெடுநாள் வாடிக்கையாளர்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: பதிப்பு 8-ஐ நிறுவியபோது பதிப்பு 7 அழிந்தது, இரண்டையும் ஒரே கணினியில் வைத்திருக்க வழி செய்யக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

நான் புத்தகங்களுக்குப் பக்கம் வடிவமைப்பவன். புதிய புத்தகங்களுக்காக உங்கள் பதிப்பு 8-ஐ வாங்கினேன். பழைய புத்தகங்களின் மறுஅச்சுக்குப் பதிப்பு 7 தொடர்ந்து வேண்டும். நிறுவும்போது திரையில் வந்தவை எல்லாம் ‘அடுத்து’, ‘அடுத்து’, ‘முடிந்தது’ ஆகிய பொத்தான்கள்தான். பதிப்பு 7 அகற்றப்படும் என்று ஒரு வரி எங்கும் இல்லை. முடிந்த பிறகு பார்த்தால் பதிப்பு 7 காணவில்லை. அதன் கோப்புறையில் நானாகச் சேர்த்து வைத்திருந்த சொற்பிரிப்புப் பட்டியல் (வரி முடிவில் சொல்லை எங்கே பிரிக்கலாம் என்ற பட்டியல்) மட்டும் மிஞ்சியிருந்தது. உங்கள் நிரல் போட்ட கோப்பு அல்ல என்பதால் அதற்கு மட்டும் உயிர்ப்பிச்சை கிடைத்திருக்கிறது.

இதை விண்டோஸின் தலையில் கட்ட முடியாது. மென்பொருள்களை நிறுவவும் நீக்கவும் விண்டோஸில் உள்ள விண்டோஸ் இன்ஸ்டாலரில் ஒவ்வொரு மென்பொருளுக்கும் ‘அப்கிரேட் கோட்’ என்ற அடையாளம் உண்டு. புதிய பதிப்புக்கும் பழைய அடையாளத்தையே கொடுத்து, முந்தையதைக் கண்டால் நீக்கு என்று எழுதிவைத்தால்தான் அது நீக்கும். வேறு அடையாளமும் வேறு கோப்புறையும் கொடுத்திருந்தால் இரண்டும் அதனதன் இடத்தில் இருந்திருக்கும். எழுதியவர்கள் நீங்கள்.

உங்கள் சேவைப் பிரிவில் கேட்டதற்கு, “பதிப்பு 8 எல்லாப் பழைய கோப்புகளையும் திறக்கும், கவலை வேண்டாம்” என்று பதில் வந்தது. திறக்கிறது, மறுக்கவில்லை. திறந்த பிறகு என்ன ஆகிறது என்பதுதான் கேள்வி. பதிப்பு 8-இல் வரி உடைக்கும் முறையை மாற்றியிருக்கிறீர்கள். 31 வரியில் முடிந்த பத்தி 32 வரியாகிறது. அந்த ஒரு வரி அடுத்த பக்கத்துக்குத் தாவுகிறது. அங்கிருந்த படம் அதற்கடுத்த பக்கத்துக்குப் போகிறது. அத்தியாயம் ஒரு பக்கம் நீள்கிறது. புத்தகத்தின் கடைசியில் உள்ள சொல்லடைவு ‘பக்கம் 212’ என்று சொல்லும், செய்தியோ 213-இல் இருக்கும். மறுஅச்சு என்றால் எழுத்துப் பிழையைத் திருத்தலாம், பக்கம் நகரக் கூடாது. இந்தத் தொழிலுக்கென்றே மென்பொருள் விற்கும் உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியிருப்பது வியப்பாக இருக்கிறது.

சரி என்று பதிப்பு 7-ஐ மீண்டும் நிறுவினேன். அங்கேதான் உண்மையான தொல்லை தொடங்கியது. இரண்டு பதிப்புகளும் அமைப்புகளை ஒரே கோப்புறையில் எழுதுகின்றன. கோப்புறையின் பெயரில் பதிப்பு எண் இல்லை. பதிப்பு 8 எழுதிய கோப்பைப் பதிப்பு 7-ஆல் படிக்க முடியவில்லை. ‘அமைப்புகள் கோப்பு சிதைந்துள்ளது’ என்று சொல்லி, என் குறுக்குவழி விசைகள், பத்திப் பாணிகள் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு ஆரம்ப நிலைக்குப் போகிறது. பிறகு பதிப்பு 8-ஐத் திறந்தால், அந்த வெற்று அமைப்புகளை அது ‘மேம்படுத்தி’ வைத்துக்கொள்கிறது. வேலை செய்வதை விட இந்த இருவருக்கும் பஞ்சாயத்து செய்வதே பெரிய வேலையாகிவிட்டது.

இதைவிட ஆபத்தானது தானாகச் சேமிக்கும் வசதி. கோப்பை இரண்டு முறை சொடுக்கினால் பதிப்பு 8 திறக்கிறது. நான் எந்த விசையையும் தொடாமல் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது கோப்பைப் புதிய வடிவத்தில் சேமித்துவிடுகிறது. அதன் பிறகு பதிப்பு 7-ஆல் அந்தக் கோப்பைத் திறக்கவே முடியாது. ‘இதனுடன் திற’ பட்டியலில் பதிப்பு 7-ஐத் தேர்ந்தெடுக்கலாம் என்றால் அங்கே ஒரே ஒரு பெயர்தான் இருக்கிறது. இரண்டு பதிப்புகளின் இயங்கு கோப்புக்கும் ஒரே பெயர் வைத்திருப்பதால், விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரி இரண்டையும் ஒன்றாகவே கணக்கில் கொள்கிறது. கோப்பின் பெயரோடு 7, 8 என்று ஓர் எண்ணைச் சேர்த்திருந்தாலே இந்தச் சிக்கல் தீர்ந்திருக்கும்.

மெய்நிகர் கணினி (கணினிக்குள் மென்பொருளால் இயங்கும் இன்னொரு கணினி) ஒன்றை அமைத்து அதற்குள் பழையதை வைத்துக்கொள்ளுங்கள் என்பது உங்கள் இரண்டாவது பதில். அதற்கு இன்னொரு விண்டோஸ் உரிமம் வேண்டும், நினைவகத்திலும் பங்கு கொடுக்க வேண்டும். போதாக்குறைக்கு, உங்கள் உரிமச் சோதனை அதை வேறொரு கணினியாக எண்ணி, பதிப்பு 7-இன் எண் ‘மேம்படுத்தப்பட்டுவிட்டது, செல்லாது’ என்கிறது. நான் ஏற்றுக்கொண்ட ஒப்பந்தத்தில், பதிப்பு 8-ஐ வாங்கியவர் பதிப்பு 7-ஐப் பயன்படுத்தக் கூடாது என்ற விதி எதையும் காணவில்லை.

மற்றவர்களால் முடிகிறது. பைத்தான் என்ற நிரல் மொழியின் 3.0 பதிப்பு வந்தது 2008 டிசம்பரில். பைத்தான் 2-க்கான ஆதரவு நின்றது 2020 ஜனவரி 1-இல். இடைப்பட்ட காலம் முழுவதும் இரண்டும் ஒரே கணினியில் குடியிருந்தன. எது வேண்டும் என்று சொல்லி அழைக்க விண்டோஸில் ஒரு சிறு கட்டளையும் உண்டு. முப்பரிமாண வரைகலை மென்பொருளான பிளெண்டர் தன் அமைப்புகளைப் பதிப்பு எண்ணிட்ட கோப்புறைகளில் தனித்தனியாக வைக்கிறது. பயர்பாக்ஸ் உலாவி 2019-இல் வெளியான 67-ஆம் பதிப்பிலிருந்து ஒவ்வொரு நிறுவலுக்கும் தனிச் சுயவிவரம் (பயனரின் அமைப்புகளும் தரவுகளும் அடங்கிய கோப்புறை) தருகிறது. புதியது தொட்ட சுயவிவரத்தைப் பழையதில் திறக்கப் போனால் தடுத்து நிறுத்துகிறது. இவற்றில் இரண்டையாவது நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

ஆகவே, என் பதிப்பு 7 உரிமத்தை உடனே மீண்டும் செயல்படுத்தித் தாருங்கள். மறுஅச்சுக் கோப்புகள் காத்திருக்கின்றன. இது என் ஒருவனுக்கான அவசரம். அடுத்த திருத்த வெளியீட்டில், பழையதை அகற்றலாமா, வைத்துக்கொள்ளலாமா என்று நிறுவும்போதே கேளுங்கள். அமைப்புகளின் கோப்புறையைப் பிரியுங்கள். பழைய வடிவக் கோப்பைத் திறந்தால், என்னைக் கேட்காமல் அதன் மேல் எழுதாதீர்கள். பழைய வடிவத்தில் சேமிக்கும் வசதியும் இருந்தால் நல்லது. ஆனால் வரி உடைப்பு மாறிய பிறகு அது எனக்கு அரைத் தீர்வுதான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

“உங்கள் கருத்துக்கு நன்றி” என்ற தானியங்கிப் பதில் ஏற்கெனவே என்னிடம் இருக்கிறது. நிறுவியை எழுதும் குழுவில் ஒருவர் இதைப் படித்துவிட்டுப் பதில் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். உரிமத்தை மீட்டுத்தர முடியாது என்றால், பதிப்பு 8-க்கு நான் செலுத்திய தொகையைத் திருப்பித் தர ஏற்பாடு செய்யுங்கள்.

இப்படிக்கு,
பதிப்பு 7, 8 இரண்டுக்கும் பணம் செலுத்திய வாடிக்கையாளர்

இணைப்பு: பிழைச் செய்தியின் திரைப்பிடிப்பு, நிறுவல் பதிவுக் கோப்பு, ஒரே பக்கம் இரு பதிப்புகளிலும் தெரியும் விதம்.