சத்தத்தைப் பெயர் சொல்லி எழுது

அன்புள்ள தம்பிக்கு,

மோட்டாரிலோ பம்பிலோ வழக்கமில்லாத சத்தம் வந்தால் ஷிஃப்ட் ரிப்போர்ட்டில் 'அப்நார்மல் சவுண்ட்' என்று எழுதிவிட்டு வருவதாகச் சொன்னாய். அது போதாது. அடுத்த ஷிஃப்டில் வருகிறவன் அதைப் படித்து எதைக் கழற்றுவான்? இங்கே சென்னையில் டி.எச். ரோட்டுப் பட்டறைகளில் 'கொர்ருங்குது', 'கிறீச்சுங்குது' என்றாலே கை எந்தப் பக்கம் போக வேண்டும் என்று தெரிந்துவிடும். இங்கிலீஷிலும் ஒவ்வொன்றுக்கும் தனிச் சொல் இருக்கிறது.

'ஹம்' என்பது கரண்டின் ரீங்காரம். நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், நீ இருக்கும் சவூதி தமாமில் 60. அதனால் அங்கே ஹம் கொஞ்சம் மேல் சுருதியில் கேட்கும். அதைக் கோளாறு என்று எழுதிவிடாதே. இங்கே நிமிடத்துக்கு 1,440 சுற்று ஓடும், நாலு காந்த முனை ('ஃபோர் போல்') உள்ள மோட்டார் அங்கே 1,740 பக்கம் ஓடும், காற்றிரைச்சலும் கூடுதலாக வரும். ஆனால் ஷாஃப்ட் (சுழலும் தண்டு) அசையாமல் ஹம் மட்டும் வந்தால் உடனே ஆஃப் செய். த்ரீ பேஸில் ஒரு பேஸ் போயிருக்கும், விட்டுவைத்தால் காயில் கருகும். சிங்கிள் பேஸ் என்றால் முதலில் கண்டன்சரைப் பார். 'ஹம்மிங், நாட் ரொட்டேட்டிங்' என்று இரண்டையும் சேர்த்து எழுது.

'விர்' நம் விர்தான். நன்றாக ஓடும் ஃபேனின் சத்தம். மெல்லியதாக, ஒரே சுருதியில் இழுத்தால் 'வைன்': கியராக இருக்கலாம், விஎஃப்டி டிரைவில் (கரண்டின் ஹெர்ட்ஸை மாற்றி வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பெட்டி) ஓடும் மோட்டாராகவும் இருக்கலாம். டிரைவில் அது பெரும்பாலும் இயல்புதான்.

'ஸ்க்வீல்' என்றால் கிறீச். ஸ்டார்ட் ஆனதும் வந்து சில விநாடியில் அடங்கினால் வி-பெல்ட் வழுக்குகிறது. புல்லிகளுக்கு நடுவே ஒரு மீட்டர் இடைவெளி இருந்தால் நடுவில் அழுத்தும்போது பெல்ட் 16 மி.மீ. வரை அமுங்கலாம். அதற்கு மேல் தொய்ந்தால் இறுக்கு. கல் மாதிரி இறுக்கினால் பேரிங்தான் அடிபடும்.

பேரிங்கின் கனத்த உறுமல் 'ரம்பிள்'. நறநறவென்று இரும்பு உரசினால் 'கிரைண்டிங்'. அந்தக் கட்டத்தில் காத்திருக்க நேரமில்லை. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்: பம்புக்குள் ஜல்லி உருளுகிற மாதிரி கேட்டால் அது பேரிங் ஆகாமலும் இருக்கலாம், சக்‌ஷன் (தண்ணீர் இழுக்கும்) பக்கம் தண்ணீர் போதாமல் கேவிட்டேஷன், அதாவது தண்ணீரில் ஆவிக் குமிழிகள் உண்டாகி உடைவது, ஆகியிருக்கும். டெலிவரி வால்வைக் கொஞ்சம் மூடிப் பார். சத்தம் குறைந்தால் ஸ்ட்ரெய்னரையும் (வடிகட்டி) சக்‌ஷன் வால்வையும் சரிபார், பேரிங்கைத் தொடாதே.

கரண்ட் கோளாறா, மெக்கானிக்கலா என்று சந்தேகம் வந்தால் ஓடும்போதே ஸ்விட்சை ஆஃப் செய்து கேள். அந்த நொடியே சத்தம் நின்றால் கரண்ட் பக்கம். சுற்று குறையக் குறையச் சத்தமும் இறங்கினால் பேரிங், ஃபேன், கப்ளிங் (மோட்டாரையும் பம்பையும் இணைக்கும் பாகம்) பக்கம். நீள ஸ்க்ரூடிரைவரின் முனையை பேரிங் ஹவுசிங்கில் வைத்து, பிடியைக் காதுப் பக்கத்து எலும்பில் ஒட்டிக் கேள். கப்ளிங் பக்கம் முனை போகக் கூடாது, சட்டைக் கையும் தொங்கக் கூடாது.

சுற்றுவதற்கான சொற்களும் அப்படித்தான். தன் அச்சில் சுற்றுவது 'ரொட்டேட்', இன்னொன்றைச் சுற்றி வருவது 'ரிவால்வ்'. பேரிங்கில் உள் வளையம் ரொட்டேட் ஆகிறது, குண்டுகள் ஷாஃப்டைச் சுற்றி ரிவால்வ் ஆகின்றன. வேகம் தளர்ந்த பம்பரம் தலையாட்டுவது போல் புல்லி ஆடினால் 'வாபிள்'. கீ (புல்லியை ஷாஃப்டோடு பூட்டும் துண்டு) தளர்ந்திருக்கும், இல்லையென்றால் ஷாஃப்ட் வளைந்திருக்கும். கரண்டை லாக் செய்தபின் கையால் சுற்றி லேசாகப் போனால் 'ஸ்பின்ஸ் ஃப்ரீலி'. 'க்ளாக்வைஸ்' என்று எழுதினால் எந்தப் பக்கம் நின்று பார்த்தது என்பதையும் எழுது. மறுபக்கம் நிற்பவனுக்கு அது தலைகீழ்.

ஒரு வரி இப்படி இருக்கட்டும்: 'பம்ப் 2, டிரைவ் எண்ட் பேரிங், லோ ரம்பிள், ஆஃப் செய்தபின்னும் தொடர்ந்தது.' டிரைவ் எண்ட் என்றால் கப்ளிங் இருக்கும் முனை.

அம்மா இதையும் எழுதச் சொல்கிறாள்: புது பேரிங்கை ஷாஃப்டில் ஏற்றும்போது பைப்பை உள் வளையத்தில் மட்டும் வைத்துத் தட்டு. வெளி வளையத்தில் அடித்தால் குண்டுகள் தடத்தில் பள்ளம் போட்டுவிடும், முதல் நாளே ரம்பிள் வரும். ஹவுசிங்கின் காலியிடத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் கிரீஸ் போதும். நிரப்பினால் சூடேறும்.

அன்புடன்,
அப்பா
தண்டையார்பேட்டை