பகுதி சபையில் நலச்சங்கங்களுக்கு என்ன வேலை?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குடியிருப்போர் நலச்சங்கங்களால் ஒரு பயனும் இல்லை, அவை சொந்த வீட்டுக்காரர்களின் அரட்டைக் கூடங்களாகிவிட்டன என்று தங்கள் நாளிதழில் சில நாள்களுக்கு முன் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். சென்னையை ஒட்டிய புறநகர் ஒன்றில் ஆறு ஆண்டுகளாக அத்தகைய சங்கமொன்றின் இணைச் செயலாளராக இருப்பவள் என்ற முறையில், அவர் சொன்னதில் பாதியை ஒப்புக்கொண்டும் மீதியை மறுத்தும், வார்டின் ஒவ்வொரு பகுதியிலும் வாக்காளர்கள் நேரில் கூடும் பகுதி சபையை முன்வைத்து இதை எழுதுகிறேன்.

முதலில் மறுப்பு. 1989-இல் எம்.பி.நிர்மல் தொடங்கிய, தெருத் தூய்மைக்கான எக்ஸ்னோரா இயக்கத்தின் காலத்தில், சென்னையின் தெருக்கள் பலவற்றில் மக்களே வீட்டுக்கு வீடு மாதந்தோறும் சிறு தொகை வசூலித்து, மூன்று சக்கர வண்டியில் குப்பை அள்ள ஆள் வைத்துக்கொண்டார்கள். வாசலுக்கே வந்து குப்பை வாங்கும் முறை இன்று மாநகராட்சியின் அன்றாடப் பணியாகத் தோன்றினாலும், அதைப் பல தெருக்களில் பழக்கியவை தெருச் சங்கங்கள்தாம். 2019-இல் சிட்லபாக்கம் ஏரிக்குள் மண்வெட்டியும் கூடையுமாக இறங்கிக் குப்பையை அகற்றியவர்களும் அந்தப் பகுதிக் குடியிருப்புவாசிகளே. அரசின் நிதி அதன் பிறகுதான் வந்தது.

ஒப்புக்கொள்ள வேண்டியது இனிமேல்தான் இருக்கிறது. 2016 அக்டோபரில் நகர்ப்புற உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தபின், 2022 பிப்ரவரியில் தேர்தல் நடக்கும் வரை ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாக எங்களுக்கு வார்டு உறுப்பினர் என்று ஒருவரே கிடையாது. தெருவிளக்கு எரியாவிட்டாலும் குடிநீரில் கழிவுநீர் கலந்தாலும் உதவிப் பொறியாளர் அலுவலகத்தின் படியேறுவதொன்றே வழியாக இருந்தது. அந்த ஆண்டுகளில் எங்களைப் போன்ற சங்கங்கள் ஒரு பழக்கத்தைக் கற்றுக்கொண்டன: சங்கத்தின் முத்திரைத் தாளில் மனு எழுதுவது, நான்கு பேர் சேர்ந்து போய் அதிகாரியைப் பார்ப்பது, வேலை நடந்தால் ஆண்டு விழாவுக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்துவது. உறுப்பினர்கள் வந்த பிறகும் அந்தப் பழக்கம் மாறவில்லை. பொன்னாடை போர்த்தப்படும் தோள் மட்டும் மாறியது.

இதற்கிடையே, பெரும்பாலோர் கவனிக்காத ஓர் ஏற்பாடு நடைமுறைக்கு வந்திருக்கிறது. கிராமங்களுக்குக் கிராம சபையை அரசமைப்புச் சட்டமே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. நகரங்களுக்கோ 74-ஆவது திருத்தம், மூன்று லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை கொண்ட இடங்களில் வார்டு குழு வேண்டும் என்பதோடு நின்றுவிட்டது. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்களில் 48.4 விழுக்காட்டினர் நகரவாசிகள் என்றால், ஏறத்தாழ பாதிப் பேருக்கு நேரில் எழுந்து கேள்வி கேட்கும் சபை இல்லாமலே காலம் ஓடியது என்று பொருள். இந்தக் குறையைப் போக்கத்தான் 2022-இல் வார்டு குழு, பகுதி சபை விதிகள் வகுக்கப்பட்டன. அவ்வாண்டு நவம்பர் 1, உள்ளாட்சி நாளன்று பம்மலில் நடந்த பகுதி சபைக் கூட்டத்தில் முதலமைச்சர் கலந்துகொண்டது செய்தியாகவும் வந்தது. வார்டைப் பகுதிகளாகப் பிரித்து, அந்தந்தப் பகுதியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள அனைவரையும் உறுப்பினராகக் கொண்டது பகுதி சபை. கவனிக்க வேண்டிய சொல் வாக்காளர் என்பதே. வீட்டு உரிமையாளர் என்று எங்கும் சொல்லப்படவில்லை.

இந்தச் சொல்லின் எடை எனக்குப் புரிந்தது கடந்த ஆண்டு எங்கள் பகுதி சபை கூடிய அன்று. இடம், அரசுப் பள்ளியின் சத்துணவுக் கூடம். நாற்பது பிளாஸ்டிக் நாற்காலிகளில் பாதிக்கு மேல் காலி. வந்திருந்தவர்களில் பெரும்பாலோர் எங்கள் சங்கத்தினர். எங்கள் தலைவர் எழுந்து, எங்கள் தெருவுக்கு மழைநீர் வடிகால் அமைத்துக் கொடுத்ததற்காக வார்டு உறுப்பினருக்கு நன்றி தெரிவித்துப் பேசிக்கொண்டிருந்தபோது, கடைசி வரிசையில் இடுப்பில் குழந்தையுடன் நின்றிருந்த ஒரு பெண், “அந்த வடிகால் முடியுற எடத்துல இருக்குறது எங்க வாசப்படிங்க” என்றார். எங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கும் சந்தில் வாடகைக்குக் குடியிருப்பவர். போன மழைக்கு வீட்டுக்குள் எவ்வளவு தண்ணீர் நின்றது என்று பொறியாளர் கேட்டதற்கு, அவர் பதில் எதுவும் சொல்லாமல் தம் முழங்காலுக்கு மேலே கையை வைத்துக் காட்டினார். கூடத்தில் சிறிது நேரம் மின்விசிறிச் சத்தம் மட்டுமே கேட்டது.

அந்த வடிகாலுக்காக இரண்டு ஆண்டுகள் மனுமேல் மனுவாக எழுதியவள் நான். என் கையெழுத்தில் உள்ள அத்தனை மனுக்களிலும் எங்கள் தெருவின் பெயர் இருக்கிறது; நீர் போய்ச் சேரும் சந்தின் பெயர் ஒன்றில்கூட இல்லை. வேண்டுமென்று விட்டதல்ல, அந்தச் சந்து எங்கள் நினைவிலேயே இருந்ததில்லை. அப்போதிருந்த எங்கள் துணைவிதிகளின்படி எங்கள் குடியிருப்புக்குள் மனை அல்லது வீடு உடையவரே சங்க உறுப்பினர். வாடகைக்கு இருப்பவர் பராமரிப்புக் கட்டணம் கொடுக்கலாம், பொங்கல் விழாவில் கோலப் போட்டிக்கு வரலாம், வாட்ஸ்அப் குழுவில் தண்ணீர் லாரி எப்போது வரும் என்று கேட்கலாம். ஓட்டு மட்டும் கிடையாது. பத்து ஆண்டுகளாக எங்கள் தெருவிலேயே வாடகைக்கு இருக்கும் ஓர் ஆசிரியை, பகுதி சபையில் எனக்குச் சமமான உறுப்பினர். எங்கள் சங்கத்திலோ அன்று வெறும் பார்வையாளர்.

உள்ளாட்சி பற்றிப் பேசுகிற மேடைகளில் உத்திரமேரூர்க் கல்வெட்டைத் தொடாமல் யாரும் இறங்குவதில்லை. முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலை முறை நமக்குப் பெருமைதான். ஆனால் அந்தக் கல்வெட்டை வாசித்தால், ஊரின் பிரிவுகளான முப்பது குடும்புகளிலிருந்து வாரியம் என்ற நிர்வாகக் குழுவுக்குத் தேர்ந்தெடுக்கப்படத் தகுதி யாருக்கு என்றால், வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேல் உடையவராய், சொந்த மனையில் வீடு கட்டி வாழ்பவராய், 35 வயதுக்கு மேல் 70 வயதுக்கு உட்பட்டவராய் இருக்க வேண்டும் என்று வருகிறது. சொந்த மனை என்ற நிபந்தனையை ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் எங்கள் சங்கம் பத்திரமாகக் காப்பாற்றி வந்தது. அதே கல்வெட்டில், வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மறுபடி நிற்கக் கூடாது என்றும் இருக்கிறது. அதை மட்டும் நாங்கள் காப்பாற்றவில்லை. 1975-ஆம் ஆண்டு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி ஆண்டுதோறும் பொதுக்குழுவைக் கூட்டிக் கணக்கை வைத்துப் பதிவாளருக்கும் அனுப்ப வேண்டிய நாங்கள், மூன்று ஆண்டுகள் அதைச் செய்யவில்லை. உத்திரமேரூர் விதியைப் பொருத்தினால் எங்கள் செயற்குழுவில் என்னையும் சேர்த்து ஒருவரும் மிஞ்சியிருக்க மாட்டோம்.

சத்துணவுக் கூடத்துக்குத் திரும்புகிறேன். கூட்டம் முடியும் நேரத்தில் தீர்மானப் புத்தகம் கைக்குக் கை மாறி வந்தது. மேலே தேதியும் இடமும் இருந்தன. கீழே கையெழுத்திடுவதற்குக் கோடுகள் இருந்தன. இரண்டுக்கும் நடுவில் முக்கால் பக்கம் வெறுமையாக இருந்தது. “அப்புறம் எழுதிக்கொள்வோம், நீங்கள் போடுங்கள் அம்மா” என்றார் நோட்டை வைத்திருந்தவர். எனக்கு முன் பதினாறு பேர் போட்டிருந்தார்கள். இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் இருந்ததாக நான் சொல்லவில்லை. வெற்றுத் தாளில் கையெழுத்திடுவது நமக்கு வருகைப் பதிவேட்டில் கையெழுத்திடுவதுபோல் ஆகிவிட்டது என்பதே என் வருத்தம். எழுதி வாசித்தால்தான் கையெழுத்து என்று நானும் அந்தச் சந்துப் பெண்ணும் நின்றோம். கால் மணி நேர முணுமுணுப்புக்குப் பின், ‘தெருவுக்கும் சந்துக்கும் இடையிலுள்ள சிறுபாலத்தின் மட்டத்தை அளந்து, வடகிழக்குப் பருவமழைக்கு முன் வடிகாலின் முடிவிடத்தை மாற்றி அமைக்க வேண்டும்’ என்று ஒரு வாக்கியம் எழுதப்பட்டு, உரக்க வாசிக்கப்பட்டது.

இரண்டு மாதம் கழித்து, பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அந்தத் தீர்மானத்தின் நகலையும் அதன்மேல் எடுக்கப்பட்ட நடவடிக்கையையும் கேட்டேன். நகல் வந்தது. நாங்கள் எழுதிய வாக்கியம் அப்படியே இருந்தது. அதை மேலே அனுப்பிய குறிப்பில் மட்டும் ‘பருவமழைக்கு முன்’ என்ற சொற்கள் காணாமல் போயிருந்தன. இருந்தாலும் மட்டம் எடுக்க ஆள்கள் வந்தார்கள். வேலை இன்னும் தொடங்கவில்லை. தனிப்பட்ட மனுவாக இருந்திருந்தால் நான் கேட்பதற்கு ஒரு காகிதமே இருந்திருக்காது. சபையின் தீர்மானம் என்பதால் எது எழுதப்பட்டது, எது விடுபட்டது என்று விரல் வைத்துக் காட்ட முடிகிறது. அடுத்த கூட்டத்தில் முதல் வேலையாக அந்த இரு சொற்களைப் பற்றிக் கேட்கப்போகிறோம்.

பகுதி சபையில் குறைகள் இல்லாமல் இல்லை. பகுதியின் பிரதிநிதிகள் மக்களால் தேர்ந்தெடுக்கப்படாமல் நியமிக்கப்படுவதால், கட்சிக்காரர்களே அந்த இடங்களில் அமர்வதைப் பலரும் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். அதில் உண்மை இருக்கிறது. கூட்டம் எப்போது என்பது கடைசி நேரம் வரை தெரிவதில்லை. எங்களுக்கே முந்தின நாள் இரவு ஒன்பது மணிக்கு வாட்ஸ்அப்பில்தான் தெரிந்தது, அந்தப் பெண்ணுக்கு அதுவும் இல்லை. பள்ளி வாசலில் ஷாமியானா போடுவதைப் பார்த்து வந்ததாகச் சொன்னார். இவற்றைக் காரணம் காட்டி நலச்சங்கங்கள் ஒதுங்கிக்கொள்வதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. மக்கள் பங்களிப்புடன் பணிகள் நடக்கும் ‘நமக்கு நாமே’ திட்டத்தில் செலவில் மூன்றில் ஒரு பங்கைத் திரட்டிக் கட்ட முன்வரும் சங்கங்களுக்கு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு மணி நேரம் உட்காருவது பெரிய பாரமாக இருக்க முடியாது.

எங்கள் சங்கத்தில் இப்போது இரண்டு மாற்றங்களுக்கு ஒப்புதல் கிடைத்திருக்கிறது. மூன்று ஆண்டுக் கணக்கும் தணிக்கை செய்யப்பட்டுப் பொதுக்குழுவில் வாசிக்கப்பட்டது. ஜெனரேட்டர் டீசல் செலவு பற்றி ஒரு மணி நேரம் சண்டை நடந்தது, நடக்க வேண்டிய சண்டைதான். ஓராண்டுக்கு மேல் குடியிருக்கும் வாடகைதாரர்களுக்கு வாக்குரிமை அளிக்கும் துணைவிதித் திருத்தம் நான்கு வாக்கு வித்தியாசத்தில் நிறைவேறியது. எதிர்த்து வாக்களித்தவர்களில் என் கணவரும் ஒருவர். எங்கள் தெருவுக்குப் பின்னால் உள்ள அந்தச் சந்து சங்கத்தின் எல்லைக்குள் வருமா என்பது இன்னும் முடிவாகவில்லை.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். தங்கள் நாளிதழின் உள்ளூர்ப் பக்கத்தில் கோயில் சொற்பொழிவுகளும், மறுநாள் மின்தடை செய்யப்படும் இடங்களும் நாள்தோறும் வெளியாகின்றன. மின்தடைப் பட்டியலை எங்கள் பகுதியில் படிக்காத வீடு இல்லை. தெருப் பெயர் வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மோட்டார் போடுகிறார்கள். அந்தப் பட்டியலுக்குக் கீழே, எந்த வார்டில் எந்தப் பகுதி சபை, எந்தப் பள்ளியில், எத்தனை மணிக்கு என்று மாநகராட்சியிடம் கேட்டு இரண்டு வரி வெளியிட முடியுமானால், ஷாமியானா போடுவதைப் பார்த்து வருகிறவர்கள் முந்தின நாளே தெரிந்துகொண்டு வருவார்கள்.

இப்படிக்கு,
குடியிருப்போர் நலச்சங்க இணைச் செயலாளர் ஒருவர்,
தென்சென்னைப் புறநகர்.