நடவுக் கால்களையும் கொஞ்சம் பாருங்கள்

டெல்டா மாவட்டங்களின் பொது சுகாதாரத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். வெயிலில் தோலைக் காப்பது பற்றி நீங்கள் சொல்வதெல்லாம் சரி. ஆனால் நம்மைப் போன்ற கறுத்த தோலுக்கு மெலனோமா என்கிற தோல் புற்றுநோய் அரிது, வந்தாலும் வெயில் படாத உள்ளங்காலிலும் நகத்தடியிலும்தான் அதிகம் வருகிறது. அதை யாரும் இங்கே பேசுவதே இல்லை.

இந்தப் புற்றுநோயும் மச்சமும் தோலுக்கு நிறம் தருகிற ஒரே வகைச் செல்லில்தான் வருகின்றன. மச்சம் என்பதே ஒரு மரபணுப் பிறழ்வுதான். நிறமிச் செல் ஒன்றில் பிராஃப் என்ற மரபணு கெட்டதும் அது பெருகி, ஒரு கட்டத்தில் தானே நின்றுவிடுகிறது. 2002-இல் மெலனோமாவில் கண்ட இதே பிறழ்வு, சாதாரண மச்சங்களில் பெரும்பாலானவற்றிலும் இருப்பது அடுத்த வருடமே தெரிந்தது. அதாவது அது மட்டும் போதாது, இன்னும் சில மரபணுக்கள் கெட்டால்தான் புற்றுநோய். வெள்ளைக்காரர்களுக்கு அந்த வேலையைப் பெரும்பாலும் வெயில் செய்கிறது. உள்ளங்காலில் வருவது வேறு ரகம்: மரபணுக்களைத் தாங்குகிற குரோமோசோம்களே உடைந்து இடம் மாறிக் கிடக்கும், சிலருக்குக் கிட் என்ற மரபணு கெட்டிருக்கும். (இவை அந்தச் செல்லோடு போகிற மாற்றங்கள், பிள்ளைகளுக்குப் போகாது. மச்சத்தைப் பார்த்துச் சம்பந்தம் தட்டிக்கழிப்பவர்களும் கேட்டுக்கொள்ளட்டும்.)

இங்கேதான் சிக்கல். செருப்பில்லாமல் சேற்றில் நின்று நடவு நடும் பெண்களுக்குச் சேற்றுப்புண், நகச்சொத்தை, கால் ஆணி எல்லாம் வருடா வருடம் வருவது, அதனால் குதிகாலில் ஒரு கருந்திட்டு வந்தால் யார் கண்டுகொள்கிறார்கள்? பிளேடால் சீவுகிறார்கள், மெடிக்கலில் கார்ன் கேப் வாங்கி ஒட்டுகிறார்கள், சுண்ணாம்பும் சோடாவும் குழைத்து வைத்துச் சுடுகிறார்கள். உலகப் புகழ் பெற்ற ஜமைக்கா பாடகர் பாப் மார்லிக்கே கால் விரல் நகத்தடியில் வந்ததைப் பந்து விளையாடிய காயம் என்றுதான் முதலில் நினைத்தார்கள், 1981-இல் 36 வயதில் போய்விட்டார்.

புதுத் திட்டம் ஒன்றும் கேட்கவில்லை. மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வந்து பிரஷரும் சுகரும் பார்க்கிற அக்காக்களும், பாதம் பாதுகாப்போம் திட்டத்தில் சர்க்கரைக்காரர்களின் காலைப் பார்க்கிறவர்களும், காலைக் கழுவச் சொல்லிவிட்டு உள்ளங்காலையும் நகங்களையும் ஒரு பார்வை பார்க்கட்டும். ஓரம் கோணல்மாணலாகப் பரவும் திட்டு, ஆறாத புண், ஒரே விரலில் புதிதாக வந்து அகலமாகிக்கொண்டே போகும் கறுப்புக் கோடு, இவைதான் முக்கியம். பல விரல்களில் ரொம்ப நாளாக மெல்லிய கோடு இருப்பது நம் தோலுக்குச் சகஜம், அவர்களைப் பயமுறுத்த வேண்டாம். சந்தேகம் வந்தால் களிம்பு கொடுத்து அனுப்பாமல் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் சீட்டு எழுதிக் கொடுங்கள். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வருகிறவர்கள், அன்றைக்கே பயாப்சி (சதைத் துணுக்கு எடுத்துச் சோதிப்பது) எடுக்க வழி செய்தால் இன்னும் நல்லது.

மேட்டூர் திறந்து குறுவை நடவு தொடங்குவதற்குள் ஆரம்பித்துவிடுங்கள், அப்புறம் பகலில் அவர்களை வீட்டில் பார்க்க முடியாது.

இப்படிக்கு,
திருவையாறு பக்கத்து விவசாயி வீட்டுப் பிள்ளை