எடின்பரோவிலிருந்து சித்தப்பாவுக்கு

எடின்பரோ

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் சித்தியும் தம்பியும் நலமா? சித்திக்கு முழங்கால் வலி கொஞ்சமாவது குறைந்ததா? டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை வெறும் வயிற்றில் போட விடாதீர்கள். சாப்பிட்ட பிறகுதான் போட வேண்டும்.

இங்கே நடுக் குளிர்காலம். பிற்பகல் மூன்றே முக்காலுக்கெல்லாம் தெருவிளக்கு எரிகிறது. காலையில் வேலைக்குப் போகும்போதும் இருட்டு, திரும்பும்போதும் இருட்டு. ஆஸ்பத்திரி வார்டு ஜன்னல் வழியாகப் பார்க்கிற வெளிச்சம்தான் அன்றைய பகல். அரிசி, உளுந்து, புளி, பெருங்காயம் எல்லாம் பக்கத்துத் தெருவிலேயே கிடைக்கிறது. மாவு புளிக்கத்தான் ஒரு நாளைக்கு மேல் ஆகிறது, ஹீட்டர் பக்கத்திலேயே வைத்துப் பார்த்துக்கொள்கிறேன். வேலை பழகிவிட்டது. இவர்கள் பேசுகிற ஆங்கிலமும் காதுக்குப் பழகிவிட்டது.

மேல்நாட்டுக் கச்சேரியைப் பற்றிப் போனில் நீங்கள் கேட்டீர்களே, "ஒரு வாத்தியமும் வாசிக்காமல் கையில் குச்சியோடு நடுவில் நிற்கிறாரே, அவருக்கு என்ன வேலை?" என்று. அதைப் போனில் சொல்லி மாளாது. நாற்பது வருஷம் பாட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வயலின் வாசித்தவருக்கு அரைகுறையாகப் பதில் சொல்லவும் மனசு வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம் நீளமாக வருகிறது.

இந்த ஊரில் ஸ்காட்டிஷ் சேம்பர் ஆர்கெஸ்ட்ரா என்று ஒரு குழு இருக்கிறது. 1974-இல் தொடங்கியது. எனக்கு அதைப் பழக்கிவிட்டது கீழ்வீட்டுப் பாட்டி. குழு தொடங்கிய காலத்திலிருந்தே கேட்டு வருகிறவர். அவருக்குத் துணையாக ஒருவர் வேண்டியிருந்தது, எனக்குச் சாயங்காலம் ஓய்வு இருந்தது, அப்படித்தான் போக ஆரம்பித்தேன். இப்போது அவருக்கு உடம்பு முடியாத நாட்களில் தனியாகவே போய்விடுகிறேன்.

கச்சேரி நடக்கிற இடத்துக்குக் குவீன்ஸ் ஹால் என்று பெயர். இருநூறு வருஷத்துக்கு முன் தேவாலயமாகக் கட்டியது. 1979-இல் கச்சேரி மண்டபமாக மாற்றினார்கள். தேவாலயத்து மர பெஞ்சுகள் இன்னும் அப்படியே இருக்கின்றன. உட்கார்ந்தால் முதுகு வலிக்கும், ஆனால் சத்தம் அந்த மரத்தில் பட்டு வருகிறது, டபுள்பேஸ் என்கிற பெரிய தந்தி வாத்தியத்தின் அடி ஸ்வரம் பெஞ்சு வழியாகவே உடம்புக்குள் ஏறிவிடும். பெரிய கச்சேரிகளை அஷர் ஹாலில் வைக்கிறார்கள். கிளாஸ்கோ நகரத்திலும் இவர்களுக்குச் சீசன் உண்டு.

பெரிய சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவில் தொண்ணூறு, நூறு பேர் இருப்பார்கள். இங்கே நாற்பதுக்கும் குறைவு. நூறு பேர் தேர் இழுக்கும்போது ஒருவன் கையைத் தளர்த்தினால் வெளியே தெரியாது. இங்கே யாரும் அப்படிக் கையைத் தளர்த்த முடியாது. ஓபோ என்கிற ஊதுகுழல் வாசிக்கிறவர் ஒரு மூச்சு தாமதித்தாலும் கடைசி பெஞ்சில் இருக்கிற எனக்குத் தெரிகிறது. எனக்கு இந்தக் குழுவைப் பிடித்துப்போனதற்குக் காரணமே இதுதான். கூட்டமாக வாசிக்கிறார்கள், ஆனால் ஒவ்வொருவரும் தனியாகவும் காதில் விழுகிறார்கள்.

இனி, குச்சிக்காரர். நம் கச்சேரியில் பாடுகிறவர் தொடையில் தட்டுகிற தாளத்தை மேடையில் எல்லோரும் பார்க்கிறார்கள். பாட்டும் எல்லோருக்கும் மனப்பாடம். இங்கே ஒவ்வொருவர் முன்னாலும் இருக்கிற காகிதத்தில் அவரவர் வாசிக்க வேண்டியது மட்டும்தான் எழுதியிருக்கும். பெரிய வயலின் மாதிரியான செல்லோவை வாசிக்கிறவருக்குப் புல்லாங்குழலில் என்ன வரப்போகிறது என்பது அந்தத் தாளில் இருக்காது. முழுப் பாட்டும் ஒரே பக்கத்தில் மேலும் கீழுமாக எழுதிய புத்தகம் கண்டக்டர் என்கிற அந்தக் குச்சிக்காரரிடம் மட்டும் இருக்கும். எந்த இடத்தில் யார் முன்னால் வர வேண்டும், யார் அடங்க வேண்டும், ஒரு சங்கதியை எங்கே முடித்து மூச்சு விட வேண்டும் என்பதையெல்லாம் அவர் ஒத்திகையிலேயே தீர்மானித்துவிடுவார். கச்சேரியில் அவர் கையைத் தூக்கும்போது எல்லோரும் சேர்ந்து மூச்சை இழுக்கிறார்கள். அந்த மூச்சிலேயே காலப்பிரமாணம் இருக்கிறது, சித்தப்பா. கை கீழே வருவதற்கு முன்பே பாட்டு ஆரம்பித்துவிடுகிறது.

ரோடரிக் பிரைடன்தான் முதல் கண்டக்டர். கிட்டத்தட்ட பத்து வருஷம் இருந்து குழுவை நிலைநிறுத்தினார். பிறகு பின்லாந்துக்காரர் யுக்கா-பெக்கா சரஸ்தே வந்தார். அப்புறம் ஐவர் போல்டன் என்பவர் கொஞ்ச காலம், ஜோசப் ஸ்வென்சன் 1996 முதல் 2005 வரை. ஸ்வென்சனே நல்ல வயலின் வித்வான்.

ஆனால் பாட்டியிடம் கேட்டால் சார்லஸ் மெக்கரஸ் பெயரைத்தான் முதலில் சொல்வார். இத்தனைக்கும் அவர் இந்தக் குழுவின் முதன்மைக் கண்டக்டராக இருந்ததே இல்லை. விருந்தாளியாக வந்து, கடைசியில் கௌரவப் பட்டத்தோடு, 2010-இல் காலமாகும் வரைக்கும் உறவு விடாமல் இருந்தவர். அமெரிக்காவில் பிறந்து, ஆஸ்திரேலியாவில் வளர்ந்து, ஓபோ வாசித்துக்கொண்டிருந்த பையன். 1947-இல் பிராக் நகரத்துக்குப் போய் டாலிக் என்கிற பெரியவரிடம் கற்றுக்கொண்டார். செக் நாட்டு யானாச்செக்கின் இசை நாடகங்களைப் பிரிட்டனுக்குக் கொண்டுவந்து பரப்பியவர் இவர்தான்.

இவர் செய்த ஒரு காரியத்தை உங்களுக்கு விளக்கமாகச் சொல்ல வேண்டும். பிராம்ஸ் என்கிற ஜெர்மானியர் எழுதிய நான்கு சிம்பொனிகளை உலகமெங்கும் பெரிய பெரிய ஆர்கெஸ்ட்ராக்கள்தான் வாசித்து வந்தன. கனமாக, இருட்டாக, மெழுகு பூசினது மாதிரி ஒலிக்கும் என்பார் பாட்டி. ஆனால் பிராம்ஸ் தன் நான்காவது சிம்பொனியை 1885-இல் முதன்முதலாக வாசிக்கவைத்தது மைனிங்கன் என்கிற சிற்றூர் அரண்மனைக் குழுவை வைத்து. அந்தக் குழுவில் நாற்பத்தொன்பது பேர்தான். அங்கே பிற்பாடு கண்டக்டராக இருந்த ஸ்டைன்பாக் பிராம்ஸை எப்படி நடத்தினார், எங்கே வேகத்தைத் தளர்த்தினார் என்று ஒருவர் எழுதி வைத்த குறிப்புகள் தப்பிப் பிழைத்திருந்தன. மெக்கரஸ் அவற்றைத் தேடிப் படித்து, 1990-களில் இந்தச் சின்னக் குழுவை வைத்து நான்கு சிம்பொனிகளையும் பதிவு செய்தார். கேட்டுப் பாருங்கள். தந்தி வாத்தியங்களின் எண்ணிக்கை குறைந்தவுடன் அடியில் புதைந்து கிடந்த கிளாரினெட், பஸூன் என்கிற ஊது வாத்தியங்கள் மேலே வந்துவிடுகின்றன. ஆள் போதாமல் செய்த சமரசம் என்று யாரும் இனிமேல் சொல்ல முடியாது. பிராம்ஸ் காதில் விழுந்த பிராம்ஸுக்கு இதுதான் கிட்டத்தில் இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

மோட்சார்ட் வாசிக்கும்போது பழைய காலத்து ஹார்ன் வைத்துக்கொள்ளச் சொல்வாராம் மெக்கரஸ். இன்றைக்கும் அப்படித்தான் வாசிக்கிறார்கள், நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். சாவியே இல்லாத, வெறுமனே சுருட்டி வைத்த பித்தளைக் குழாய். உதட்டால் மட்டும் ஸ்வரம் பிடிக்க வேண்டும். நடுவில் கிடைக்காத ஸ்வரங்களுக்கு வலது கையைக் குழாயின் அகன்ற வாய்க்குள் விட்டு, கொஞ்சம் மூடி, கொஞ்சம் திறந்து வரவழைக்கிறார்கள். மூடிய ஸ்வரம் தொண்டை கட்டினதுபோல் வரும், திறந்த ஸ்வரம் பளிச்சென்று வரும். இரண்டும் கலந்து வரும்போது யாரோ பேசுகிற மாதிரியே இருக்கிறது. டிம்பனி என்கிற பெரிய முரசுக்குப் பஞ்சு சுற்றாத கட்டைக் குச்சி. முதல் வயலின்கள் ஒரு பக்கம், இரண்டாம் வயலின்கள் எதிர்ப் பக்கம். கேள்வி இடது காதிலும் பதில் வலது காதிலும் விழும்.

1788 கோடையில் மோட்சார்ட் ஒரு மூச்சில் எழுதிய கடைசி மூன்று சிம்பொனிகளும், அதற்கு முந்தைய பிராக் சிம்பொனியும் சேர்ந்த இவர்களுடைய பதிவுக்கு 2009-இல் பிபிசி மியூசிக் பத்திரிகை அந்த ஆண்டின் சிறந்த இசைத்தட்டு என்று விருது கொடுத்தது. அதற்கு முன்னால், 2006-இல் எடின்பரோ விழாவில், எண்பது வயதில் பேத்தோவனின் ஒன்பது சிம்பொனிகளையும் நடத்தினார் மெக்கரஸ். அவற்றில் எட்டை வாசித்தது இந்தக் குழு. பாட்டி அதற்கு எல்லா நாளும் போயிருக்கிறார். அந்த நிகழ்ச்சித் தாள்களை இன்னும் பீரோவில் வைத்திருக்கிறார்.

பழசை மட்டும் வாசிக்கிற குழு என்று நினைத்துவிடாதீர்கள். பீட்டர் மேக்ஸ்வெல் டேவிஸ் என்கிற இசையமைப்பாளர் ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னி தீவுகளில் கடலோரத்தில் வாழ்ந்தவர். இந்தக் குழுவுக்காக 1987 முதல் 1996 வரை பத்துக் கச்சேரிப் படைப்புகள் எழுதினார். தனி வாசிக்க வெளியிலிருந்து பெரிய பெயருள்ளவர்களை வரவழைக்கவில்லை. குழுவிலேயே உட்கார்ந்திருக்கிற ஓபோக்காரருக்கு ஒன்று, செல்லோவுக்கு ஒன்று, பஸூனுக்கு ஒன்று என்று எழுதினார். டபுள்பேஸுக்குக்கூட ஒன்று! வாழ்நாளெல்லாம் அடியில் ஸ்வரம் கொடுத்துக்கொண்டு நிற்கிறவரை முன்னால் கூப்பிட்டு, "இன்றைக்கு நீ வாசி" என்று சொன்ன மாதிரி. பணம் போட்டது ஸ்ட்ராத்கிளைட் என்கிற வட்டார நிர்வாக சபை. அதோடு அந்த வட்டாரத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகளையும் சொந்தமாக இசை எழுத வைத்தார்கள். பக்கவாத்தியமாகவே காலத்தைக் கழித்த உங்களுக்கு இதன் அருமை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

1992-இல் லண்டன் ஆல்பர்ட் ஹாலில் சரஸ்தே நடத்த, ஜேம்ஸ் மெக்மில்லன் எழுதிய தாளவாத்தியப் படைப்பை முதன்முதலாக வாசித்ததும் இவர்கள்தான். தனி வாசித்தவர் எவலின் கிளென்னி, ஸ்காட்லாந்துக்காரப் பெண். பன்னிரண்டு வயதுக்குள் காது கேட்காமல் போனவர். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலில் நின்று, தரை அதிர்வதைப் பாதத்தில் வாங்கி வாசிக்கிறார். அந்தப் படைப்பு அதற்குப் பிறகு உலகமெல்லாம் போய்விட்டது.

2009-இல் ராபின் டிச்சாட்டி முதன்மைக் கண்டக்டராக வந்தபோது அவருக்கு வயது இருபத்தாறு. பெர்லியோஸின் பிரம்மாண்டமான ஃபண்டாஸ்டிக் சிம்பொனியை இந்தச் சின்னக் குழுவை வைத்துப் பதிவு செய்யத் துணிந்தவர். 2018 மார்ச்சில் ஒரு கச்சேரிக்கு அவர் வர முடியாமல் போக, பதிலுக்கு வந்தார் மக்சிம் எமெல்யானிச்செவ் என்கிற ரஷ்ய இளைஞர். வாசித்தது ஷூபர்ட்டின் ஒன்பதாவது சிம்பொனி. இரண்டே மாதத்தில் அவரையே அடுத்த முதன்மைக் கண்டக்டர் என்று அறிவித்துவிட்டார்கள். 2019 முதல் அவர்தான்.

உங்கள் குச்சிக் கேள்விக்கு இவர் வேறு பதில் வைத்திருக்கிறார். பல நேரம் குச்சியே இல்லாமல் வெறும் விரல்களால் நடத்துகிறார். சில நாள் ஹார்ப்சிகார்ட் என்கிற, பியானோ மாதிரியான பழைய வாத்தியத்தின் முன்னால் உட்கார்ந்து, தானும் வாசித்துக்கொண்டே, ஒரு கை ஓய்கிற இடத்தில் அந்தக் கையால் மற்றவர்களுக்குச் சைகை காட்டுகிறார். முகம் முழுக்கச் சிரிப்பு. வயலின்காரர்கள் அவரைப் பார்ப்பதைவிட ஒருவரையொருவர்தான் அதிகம் பார்க்கிறார்கள். அந்த இடத்தில் மட்டும் எனக்கு நம் மேடை ஞாபகம் வந்தது.

இவர் நடத்தி மெண்டல்ஸோனின் ஸ்காட்டிஷ் சிம்பொனி கேட்டேன். 1829-இல் மெண்டல்ஸோன் இருபது வயதில் இந்த ஊருக்கு வந்து, ஹோலிரூட் அரண்மனைக்குப் பக்கத்தில் கூரை இடிந்து புல் முளைத்துக் கிடக்கிற தேவாலயத்தில் நின்றபோது தோன்றிய சில வரிகள்தான் அதன் ஆரம்பம். எழுதி முடிக்கப் பதிமூன்று வருஷம் ஆகியிருக்கிறது. அந்த இடிபாட்டின் கல் வளைவுகளை நான் வேலைக்குப் போகிற வழியிலேயே பார்க்கலாம்.

இந்தக் குழு கோடையில் வடக்கு மலைநாட்டுக்கும் தீவுகளுக்கும் போகிறது. ஊருக்கு ஒரே ஒரு மண்டபம் இருக்கிற இடங்களில் வாசிக்கிறார்கள். அதைவிட என் மனசைத் தொட்டது வேறு ஒன்று. மறதி நோய் வந்த முதியவர்களுக்காக இவர்கள் ஒரு திட்டம் வைத்திருக்கிறார்கள். எங்கள் வார்டுக்கும் இரண்டு மூன்று பேர் வந்தார்கள். மேடை கிடையாது, கருப்புச் சட்டை கிடையாது. பார்வையாளர் நாற்காலியை இழுத்துப் போட்டுச் செல்லோக்காரர் உட்கார்ந்தார். யாரோடும் பேசாத ஓர் அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் இடம் இருந்தது. அவர் கையை நீட்டினார். செல்லோக்காரர் வாசிப்பதை நிறுத்தாமல் வாத்தியத்தைக் கொஞ்சம் சாய்த்துக் கொடுத்தார். அந்த அம்மா உள்ளங்கையை மரத்தின் மேல் வைத்தபடியே இருந்தார். செல்லோக்காரர் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு, அவர் மூச்சு போகிற வேகத்துக்கு வில்லை மெதுவாக்கினார். நோய் குணமாகிவிட்டது என்றெல்லாம் சொல்ல மாட்டேன். அன்று மத்தியானம் அவருக்குச் சாப்பாடு ஊட்டுவது சுலபமாக இருந்தது. நர்ஸ் வேலையில் அது சின்ன விஷயம் இல்லை.

வயலின் நம்மிடம் வந்த கதையை நீங்கள்தானே எனக்குச் சொன்னீர்கள். பாலுசாமி தீட்சிதர் மணலியில் ஐரோப்பியரிடம் கற்றுக்கொண்டது, அவர் அண்ணன் முத்துசாமி தீட்சிதர் வெள்ளைக்காரப் பேண்டு மெட்டுகளுக்கு சம்ஸ்கிருத சாகித்தியம் எழுதியது எல்லாம். பாட்டியிடம் அதைச் சொன்னேன். "சந்ததம் பாஹிமாம்" பாடிக் காட்டினேன். தன் நாட்டு ராஜ கீதத்தின் மெட்டு என்று இரண்டாவது வரியிலேயே கண்டுபிடித்துவிட்டார். உங்கள் வயலினைக் கேட்க வேண்டும் என்கிறார். தம்பியை விட்டு ஒரு பந்துவராளி ஆலாபனை பதிவு செய்து அனுப்பச் சொல்லுங்கள். மிருதங்கம் வேண்டாம், தனி வயலின் போதும்.

விசா விண்ணப்பத்துக்கு வேண்டிய சம்பளச் சீட்டும் வீட்டு வாடகைப் பத்திரமும் அனுப்பியிருக்கிறேன். கோடையில் நீங்களும் சித்தியும் வந்தால் ஆகஸ்டில் விழா நடக்கும், டிக்கெட் நான் எடுத்து வைக்கிறேன். ஸ்வெட்டர் இங்கேயே வாங்கிக்கொள்ளலாம், அங்கே செலவு செய்ய வேண்டாம். நீங்கள் கேட்ட வில் ரோசின் இரண்டு பெட்டி பார்சலில் போட்டிருக்கிறேன், வந்ததும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

உங்கள் பாசமுள்ள மகள்