அந்தப் பெண்ணுக்குப் பெயர் உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டாம் உலகப் போரில் சோவியத் பெண்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். ஜெர்மானியர் தூக்கிலிட்ட சோவியத் பெண் ஸோயாவைப் பற்றிய பகுதி நன்றாகவே வந்திருக்கிறது. எனக்கு எழுதத் தோன்றியது அதோடு போட்டிருந்த படத்தைப் பார்த்துத்தான். கழுத்தில் அட்டை தொங்க, இரண்டு ஆண்களுக்கு நடுவே ஒரு பெண் நடந்து போகிறாளே, அந்தப் படம். அடியில் ‘தூக்கிலிடக் கொண்டுசெல்லப்படும் பெயர் தெரியாத பார்ட்டிசான் பெண்’ என்று போட்டிருக்கிறீர்கள். பார்ட்டிசான் என்றால் எதிரி பிடித்த பகுதியில் மறைந்திருந்து போராடுகிறவர்.

பெயர் தெரியும். மாஷா ப்ரூஸ்கினா.

நான் சிவகாசியில் அச்சகங்களில் முப்பது வருஷத்துக்கு மேல் புரூஃப் பார்த்தவன். பக்கமெல்லாம் முடிந்து, மெஷினில் ஏற்றப் போகிற நேரத்தில்தான் படத்துக்கு அடியில் இரண்டு வரி எழுதச் சொல்வார்கள். அந்த அவசரம் எனக்குத் தெரியும். ஒரு பள்ளி ஆண்டு மலரில் என் கண் தப்பி, ‘காலஞ்சென்ற’ என்ற சொல் உயிரோடு இருந்த தலைமையாசிரியர் படத்துக்கு அடியில் போய்விட்டது. மனிதர் நல்லவர், சிரித்துவிட்டார். எனக்குத்தான் பல நாள் தூக்கம் போயிற்று. ஆகவே உங்களைக் குறை சொல்ல வரவில்லை. என்னிடம் இருந்த பழைய சோவியத் புத்தகம் ஒன்றிலும் அவள் ‘பெயர் தெரியாத பெண்’ தான். நானும் பல வருஷம் அப்படியே நம்பியிருந்தேன்.

மாஷா 1924இல் பிறந்தவள். பெலாரஸின் தலைநகர் மின்ஸ்கில் 28ஆம் எண் பள்ளியில் படித்தாள். 1938 டிசம்பரில், அவள் எட்டாம் வகுப்பில் இருந்தபோது, அங்கே வெளிவந்த சிறுவர் பத்திரிகை ஒன்று அவள் படத்தைப் போட்டு, அடியில் பெயர், வகுப்பு, பள்ளி எல்லாம் குறிப்பிட்டு, எல்லாப் பாடத்திலும் நல்ல மதிப்பெண் வாங்குகிறவள் என்று எழுதியது. பின்னாளில் உலகம் ‘தெரியாதவள்’ என்று சொன்ன பெண்ணுக்கு, பதினான்கு வயதிலேயே ஒழுங்கான படக்குறிப்பு அச்சாகியிருக்கிறது!

பள்ளிப் படிப்பை முடித்த கையோடு போர் வந்துவிட்டது. 1941 ஜூன் 22 அன்று ஜெர்மன் படை எல்லை தாண்டியது. 28ஆம் தேதியே மின்ஸ்க் அவர்கள் கையில். அடுத்த மாதம் நகரத்து யூதர்களை எல்லாம் ஒரு மூலையில் அடைத்து ‘கெட்டோ’ ஆக்கினார்கள். மாஷாவும் அம்மாவும் அதற்குள் போனார்கள். ஆனால் மாஷா அங்கேயே அடங்கிக் கிடக்கவில்லை. தலைமுடிக்கு வெளிர் நிறம் ஏற்றிக்கொண்டு, புகாகவா என்ற அம்மாவின் குடும்பப் பெயரை வைத்துக்கொண்டு வெளியே வந்து, பாலிடெக்னிக் கல்லூரிக் கட்டிடத்தில் இருந்த மருத்துவமனையில் தாதியாகச் சேர்ந்தாள்.

அங்கே கிடந்தவர்கள் காயம்பட்டுப் பிடிபட்ட செம்படை, அதாவது சோவியத் ராணுவ வீரர்கள். உடம்பு தேறினால் அவர்களுக்குக் காத்திருந்தது போர்க்கைதி முகாம். அந்த முகாம்களில் பசியிலும் குளிரிலும் லட்சக்கணக்கில் செத்துக்கொண்டிருந்தார்கள். ஆகவே தேறியவரைத் தப்பவைக்க வேண்டும். அதற்கு இரண்டு பொருள் முக்கியம்: பட்டாளத்து உடையைக் கழற்றிவிட்டுப் போட்டுக்கொள்ளச் சாதாரணத் துணி, வழியில் மறித்தால் காட்டப் பொய் அடையாளச் சீட்டு. மாஷா இரண்டையும் ஒளித்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள். பார்ட்டிசான் என்றதும் நமக்குக் காடும் துப்பாக்கியும் வெடிவைத்த தண்டவாளமும்தான் ஞாபகம் வருகின்றன. இவள் தூக்கிச் சுமந்தது பழைய சட்டையும் காற்சட்டையும்.

வீரர்களில் ஒருவனே காட்டிக்கொடுத்தான். அக்டோபரில் மாஷாவை ஜெர்மானியர் பிடித்துக்கொண்டு போனார்கள். சிறையிலிருந்து அக்டோபர் 20 அன்று அம்மாவுக்கு எழுதிய கடிதம் ஒன்று உண்டு. உனக்கு இவ்வளவு கவலை கொடுத்துவிட்டேனே என்றுதான் வருத்தமாக இருக்கிறது, எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தேற்றிவிட்டு, முடிந்தால் என் கவுனையும் பச்சைச் சட்டையையும் வெள்ளைக் காலுறையையும் அனுப்பு, இங்கிருந்து போகும்போது கண்ணியமாக உடுத்திப் போக வேண்டும் என்று கேட்கிறாள். இதைப் படித்த அன்று நான் சாப்பிடவில்லை. என் பேத்திக்கும் அதே வயது. வெளியே கிளம்புமுன் எந்தச் சுடிதார் என்று அரை மணி நேரம் அலமாரியைக் குடைவாள்.

அக்டோபர் 26, ஞாயிற்றுக்கிழமை. தெருத் தெருவாக நடத்திக்கொண்டு போனார்கள். கூட வந்த இருவரில் ஒருவர் கிரில் த்ரூஸ், முதல் உலகப் போரைப் பார்த்தவர். இன்னொருவன் வொலோத்யா ஷெர்பட்செவிச், வயது பதினாறு. ‘நாங்கள் பார்ட்டிசான்கள், ஜெர்மன் வீரர்களைச் சுட்டவர்கள்’ என்று ஜெர்மனிலும் ரஷ்ய மொழியிலும் எழுதிய அட்டை மாஷாவின் கழுத்தில். யாரையும் சுடாத பெண்ணின் கழுத்தில்! உங்கள் குறிப்பில் ‘பார்ட்டிசான் பெண்’ என்று இருப்பது ஏறக்குறைய அந்த அட்டையில் இருந்ததுதான். கொலைகாரர்கள் எழுதியது நிலைத்துவிட்டது, அவள் பள்ளியில் எழுதிய பெயர் நிலைக்கவில்லை.

ஈஸ்ட் ஆலை வாசலில் தூக்கு. ஸ்டூலில் ஏற்றியதும் அவள் வேலிப் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டாளாம். கூட்டத்தைப் பார்த்து நிற்கவைக்கத் தள்ளிப் பார்த்தார்கள், பிடித்துத் திருப்பிப் பார்த்தார்கள். அவள் திரும்பவே இல்லை. கடைசியில் முதுகைக் காட்டியபடியே நின்றவளின் ஸ்டூலை உதைத்துத் தள்ளினார்கள். நேரில் பார்த்த ஒருவர் சொன்னது இது. மூன்று நாள் உடல்களை இறக்கவிடவில்லை. வொலோத்யாவின் அம்மா ஓல்காவையும் அதே நாள் நகரத்தில் வேறோர் இடத்தில் தூக்கிலிட்டார்கள்.

படம் எடுத்தவன் ஜெர்மானியரோடு வந்திருந்த லித்துவேனியப் படைப்பிரிவைச் சேர்ந்தவன். கழுவுவதற்காக மின்ஸ்கில் ஒரு ஸ்டூடியோவில் கொடுத்திருக்கிறான். அங்கே வேலை பார்த்த அலெக்சேய் கஸ்லோவ்ஸ்கி என்பவர் சத்தமில்லாமல் கூடுதலாக ஒரு பிரதி போட்டு, 1944இல் நகரம் விடுபடும்வரை ஒளித்து வைத்திருந்தார். அகப்பட்டிருந்தால் அவருக்கும் கயிறுதான்.

போர் முடிந்து த்ரூஸையும் வொலோத்யாவையும் அடையாளம் கண்டார்கள். நடுவில் நின்றவள் மட்டும் ‘தெரியாதவள்’ ஆகவே இருந்தாள். 1968இல் லெவ் அர்காதியேவ், அதா திக்தியார், விளாதிமிர் ஃப்ரெய்தின் என்ற மூன்று பத்திரிகைக்காரர்கள் விசாரித்துப் பெயரைக் கண்டுபிடித்து எழுதினார்கள். பள்ளித் தலைமையாசிரியர் அடையாளம் சொன்னார், தெரிந்தவர்கள் சொன்னார்கள். அம்மா வழி உறவினரான சிற்பி ஸயீர் அஸ்குரும் இது மாஷாதான் என்றார். அவர் ஊரறிந்த சிற்பி, முகம் பார்ப்பதே தொழில். அப்படியும் அதிகாரிகள் ஒப்புக்கொள்ளவில்லை. அவள் யூதப் பெண் என்பதுதான் காரணம் என்று பலர் எழுதியிருக்கிறார்கள், எனக்கும் அப்படித்தான் படுகிறது. அதற்கு முந்தைய வருஷம்தான் சோவியத் அரசு இஸ்ரேலோடு உறவை முறித்திருந்தது. அம்மா வந்து சாட்சி சொல்லவும் வழியில்லை, மகள் போன அடுத்த மாதமே கெட்டோவில் அவரையும் கொன்றுவிட்டார்கள்.

ஸோயாவை நினைத்துப் பாருங்கள். மாஷாவுக்கு ஒரு மாதம் கழித்து, நவம்பர் 29 அன்று, மாஸ்கோவுக்கு மேற்கே பெத்ரிஷ்சேவா கிராமத்தில் தூக்கிலிடப்பட்டவள். பிடித்தவர்களிடம் தன் பெயர் ‘தான்யா’ என்று பொய் சொன்னாள். 1942 ஜனவரி 27 அன்று சோவியத் கம்யூனிஸ்ட் கட்சியின் நாளிதழ் ‘பிராவ்தா’ அந்தப் பெயரிலேயே கட்டுரை போட்டது. மூன்று வாரத்துக்குள் உண்மைப் பெயரைக் கண்டுபிடித்து, பிப்ரவரி 16 அன்று சோவியத் யூனியனின் வீராங்கனை என்ற பட்டமும் கொடுத்துவிட்டார்கள். ஸோயாவுக்குக் கிடைத்ததில் எனக்கு ஒரு மனக்குறையும் இல்லை. ஆனால் அரசாங்கம் மனசு வைத்தால் மூன்று வாரத்தில் ஆகிற வேலை, மாஷாவுக்கு 2009 வரை இழுத்தது. அந்த வருஷம்தான் ஆலை வாசல் கல்வெட்டில் இரண்டு ஆண்களின் பெயரோடு அவள் பெயரையும் சேர்த்தார்கள்.

அடுத்த இதழில் திருத்தம் போட முடிந்தால் மகிழ்ச்சி. அதே படத்தை, கொஞ்சம் பெரிதாகவே போடுங்கள். எழுத வேண்டிய குறிப்பைப் பழைய பழக்கத்தில் நானே எழுதித் தருகிறேன், எழுத்துப் பிழை பார்த்துவிட்டேன்:

‘நடுவில்: மாஷா ப்ரூஸ்கினா, வயது 17, தாதி. உடன் கிரில் த்ரூஸ், வொலோத்யா ஷெர்பட்செவிச். மின்ஸ்க், 26 அக்டோபர் 1941.’

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புரூஃப் ரீடர் ஒருவர்,
சிவகாசி